முட்டையை மறந்த மருத்துவம்

மருந்துநீரில் ஒருமுறை முக்கி எடுத்தால் பவளத்தின் பூச்சி ஒழிந்துவிடும் என்னும் நம்பிக்கை பவளத் தொட்டிகளை இன்னும் ஆள்கிறது. அது சிகிச்சையன்று, தன்னேய்ப்பு. அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு, பவளத்தின் நிறத்தோடு கலந்து மறைவது; வெளிறிய வட்டக் கடித்தடங்களே அதைக் காட்டிக்கொடுக்கின்றன. லெவமிசோல் வளர்ந்த புழுவை வீழ்த்தும். திசு அழிந்த கூட்டில் ஒட்டியிருக்கும் முட்டைகளை அழிக்காது. சில வாரங்களில் அவை பொரிக்கும். பழி மருந்தின்மீது விழும்.

இதைப் பொழுதுபோக்காளரின் சிக்கல் என ஒதுக்கும் கல்வியாளர்கள் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தொட்டிகளில் பிடிபட்ட இப்புழுவுக்கு 2011இல் அறிவியற்பெயர் சூட்டப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் பவளத்திட்டில் அது இருப்பது அதன் பின்னரே தெரியவந்தது.

இந்தியாவில் கல்பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குரியவை. புலிக்கு அளிக்கப்படும் அதே காப்பு அவற்றுக்கும் உண்டு. ஆகவே ஆய்வுத் தொட்டியில் கவனக்குறைவால் மடியும் பவளத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட இயலாது. தனிமைப்படுத்தல், உருப்பெருக்கியின்கீழ்ச் சோதனை, முட்டைகளைச் சுரண்டி நீக்கல், பொரிப்புக் காலத்தைக் கணித்து மீண்டும் முக்குதல்: இந்நான்கையும் செய்ய இயலாத கூடத்திற்குப் பவளம் கேட்கும் உரிமையும் இல்லை.