ஒரு மணி நேர ஜிம்... தசை வளர அது போதுமா?

நோணாங்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு, காலையில் ஜிம்முக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. 'ரெண்டு மணி நேரம் போட்டாத்தான் உடம்பு ஏறும்' என்று யாராவது சொன்னால், அவர் பாதியில் நின்றுவிடக்கூடும். கவலையே வேண்டாம், ஒரு மணி நேரம் தாராளம்!

கணக்கு இதுதான். 5 பயிற்சிகள், தலா 3 செட். மொத்தம் 15 செட். ஒரு செட்டுக்கு 40 விநாடி என்றால், எடை கையில் இருப்பது 10 நிமிடம் மட்டுமே. செட்டுகளுக்கு இடையே 2 நிமிட ஓய்வு வீதம் 28 நிமிடம். வார்ம்-அப் 10 நிமிடம். ஆக, 48 நிமிடம்.

நேரத்தை மிச்சப்படுத்த ஓய்வைக் குறைக்காதீர்கள். அமெரிக்க ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவின் 8 வார ஆய்வில் (2016), 1 நிமிடம் ஓய்வெடுத்தவர்களைவிட 3 நிமிடம் எடுத்தவர்களுக்கே தொடைத் தசையும் வலுவும் அதிகம் கூடின. ஒரு தசைக்கு வாரம் 10 செட்டாவது செய்வது நல்ல பலன் தரும் என்கிறது அவர்களின் 2017 ஆய்வு. எனவே நிமிடத்தை அல்ல, செட்டை எண்ணுங்கள். அதையும் வாரத்தில் இரண்டு, மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

உண்மையில் நேரத்தைத் தின்பது செல்போன்தான். ரீல்ஸ் பார்ப்பதில் 2 நிமிட ஓய்வு 6 நிமிடமானால், 28 நிமிடம் 84 ஆகிவிடும். அந்தக் கூடுதல் நேரத்தில் தசைக்கு ஒரு லாபமும் இல்லை!