ஜாமீன் கையெழுத்தும் ஜூஜூவாடி எல்லையும்

ஒரு தொழிலாளிக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் வீடு. நடுவில் ஜூஜூவாடி, சில நிமிடப் பயணம்தான். 'மாநிலத்தை விட்டு வெளியேறக் கூடாது' என்று ஜாமீன் உத்தரவில் இருந்துவிட்டால், அந்தத் தொழிலாளி வீட்டுக்குப் போவதே நிபந்தனை மீறல். காலை பத்தரைக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து என்றால் முதல் ஷிஃப்ட்டும் போச்சு.

மீறலின் விளைவு சாதாரணமல்ல. ஜாமீனில் வந்தவரை மீண்டும் கைது செய்ய உயர் நீதிமன்றமும் செஷன்ஸ் நீதிமன்றமும் உத்தரவிடலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 483-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. வாய்தாவுக்கு வராமல் கர்நாடகத்தில் மறைந்தால் பிடிவாரன்ட் வரும். அது நாடெங்கும் செல்லுபடியாகும். தக்க காரணமின்றி ஆஜராகாதது தனிக் குற்றம்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 269-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை. ஜாமீன்தாரராக நின்ற உறவினரின் பிணைத்தொகையும் பறிபோகலாம். அந்த மனிதரை யார் நினைக்கிறார்கள்?

நீதிமன்றங்களுக்கும் வரம்பு உண்டு. கைப்பேசி இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்கச் சொல்லும் நிபந்தனை கூடாதென 2024 ஜூலை 8-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லையோர நீதிமன்றங்கள் முகவரியையும் ஷிஃப்ட் நேரத்தையும் கேட்ட பிறகே நிபந்தனை விதிக்கட்டும். கடைப்பிடிக்க இயலாதவர்கள் ஒளிய வேண்டாம். நிபந்தனைத் தளர்வு கோரி முன்கூட்டியே மனு செய்யுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும்.