தள்ளாடுகிறவர் எல்லாம் குடித்தவர் அல்லர்



பட்டப்பகலில் ஒருவர் கால் பின்னப் பின்ன நடந்து வருகிறார், நாக்கு குழறுகிறது. "காலையிலேயே ஏத்திட்டாரு" என்று யாரோ முணுமுணுக்க, பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாகிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியா நோயோடு வாழும் பெரியவர்களும் அவர்கள் வீட்டாருமாகிய எங்களுக்கு இது பழகிப்போன காட்சி. பழகினாலும் கூசத்தான் செய்கிறது.

உடலின் செல்களில் சாப்பாட்டை ஆற்றலாக மாற்றுவது மைட்டோகாண்ட்ரியா. அதில் பழுது வந்தால், ஆற்றல் நிறையத் தேவைப்படும் மூளையும் தசையும் அதிகம் அடிபடும். சிறுமூளை பாதிக்கப்பட்டால் தள்ளாட்டம். சிலருக்குக் கை திடீரென்று வெட்டி உதற, காப்பி டம்ளர் தெறித்து விழும். சிலருக்கு நடுக்குவாதம் போன்ற விறைப்பு. சிலருக்குக் கழுத்தோ கையோ தானாக முறுக்கிக்கொள்ளும். இது குழந்தைகளுக்கு வரும் நோய் என்றே பலரும் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் எடுத்து 2015இல் வெளியான கணக்கு வேறு சொல்கிறது: பெரியவர்களில் சுமார் 4,300 பேருக்கு ஒருவர் இந்நோய் உள்ளவர் அல்லது வரும் வாய்ப்புள்ளவர்.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். காதுக்கு ஒரு மருத்துவர், தொங்கும் கண்ணிமைக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், நடுக்கத்துக்கு ஒருவர் என்று சீட்டுகள் நாலு இடத்தில் கிடக்கும். அத்தனையையும் ஒரே பையில் போட்டு நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அம்மாவுக்கு இளவயதிலேயே சர்க்கரை, தாய்மாமனுக்குக் காது மந்தம் என்றால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொடரில் 3243ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். சர்க்கரை, காது மந்தம், தள்ளாட்டம் மூன்றும் ஒரே குடும்பத்தில் ஆளுக்கொன்றாக வரக்கூடும்.

தாய்வழி நோய் என்று உடனே வீட்டுப் பெண்ணைக் குற்றம் சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே இருக்கும் 37 மரபணுக்கள் தாய்வழி வருவது உண்மை. அதற்கு வேண்டிய மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வருபவை. சொந்தத்தில் கல்யாணம் முடித்த வீடுகளில் இந்த இரண்டாம் வகைக்கு வாய்ப்பு கூடுதல். தாய்வழியே வந்தாலும் அவர் கேட்டு வாங்கிய நோயா இது?

மாத்திரை விஷயம் இன்னும் முக்கியம். வலிப்புக்கும் உதறலுக்கும் பரவலாக எழுதித்தரப்படுவது வால்ப்ரோயேட். பிஓஎல்ஜி என்ற மரபணுவில் பழுதுள்ளவர்களுக்கு அது ஈரலைச் செயலிழக்கச் செய்து உயிரையே பறிக்கலாம். மைட்டோகாண்ட்ரியா நோய் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, "இந்த மாத்திரை எங்களுக்கு ஆகுமா?" என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விடுவதும் ஆபத்து. வெறும் வயிற்றோடு கிடப்பதும் காய்ச்சலும்கூட எங்களைச் சாய்த்துவிடும். சஷ்டிக்குப் பட்டினி கிடக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

நோயை வேரோடு எடுக்கும் மருந்து பெரும்பாலோருக்கு இன்னும் இல்லை. அதற்காகக் கைவிரிக்க வேண்டியதில்லை. கோஎன்சைம் க்யூ10 குறைவால் தள்ளாடுகிறவர் சிலர், அதையே மருந்தாக எடுத்துத் தேறுகிறார்கள். உதறலுக்கும் விறைப்புக்கும் முறுக்கலுக்கும் தனித்தனி மருந்துகள் உண்டு. அளவறிந்து மெல்லக் கூட்டிச் செய்யும் உடற்பயிற்சி தசைக்கு நல்லது.

அலுவலகங்களில் எங்களவர்கள் வேலைக்கு நடுவில் களைத்து உட்கார்ந்தால் சோம்பேறி என்று எழுதிவிடாதீர்கள். இவ்வளவுதான் மேலதிகாரிகளிடம் கேட்பது.

ஊனச் சான்று தரும் மருத்துவக் குழுவினரிடம் கேட்பது வேறு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. எங்கள் நோயின் பெயர் அதில் இல்லை. நோயின் பெயரைத் தேடித் திருப்பி அனுப்பாமல், நடையிலும் கையிலும் உள்ள குறையை அளந்து சான்று கொடுங்கள். எங்களுக்கு நல்ல நாளும் உண்டு, படுத்தே கிடக்கும் நாளும் உண்டு. சான்று முகாமுக்கு வருவது பெரும்பாலும் நல்ல நாளில்தான். நாலடி நடக்கவிட்டு முடிவெழுதாமல், ஒரு மாடி ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, அதன்பிறகு நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
மைட்டோகாண்ட்ரியா நோயுள்ளோரும் குடும்பத்தாரும்