குப்பை கூட்டும் நேரம்

'கார்பேஜ் கலெக்‌ஷன்' பாடம் நடந்த அன்று வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் அம்மா மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் குப்பை கூட்டுகிறவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். "கம்ப்யூட்டருக்குள்ளயும் குப்பையாடா?" என்றார்.

உண்டு. புரோகிராம் ஓடும்போது மெமரியில் இடம் பிடித்து, வேலை முடிந்தும் காலி செய்யாமல் கிடப்பதுதான் அந்தக் குப்பை. 'சி' மொழியில் அதை நாமே அகற்ற வேண்டும். மறந்தால் மெமரி நிரம்பும். ஜாவாவில் கூட்டுவதற்குத் தனி ஆள் உண்டு. ஆனால் அவர் கூட்டும்போது சில சமயம் புரோகிராமே நின்றுவிடும். ஆயிரம் பேர் காத்திருக்கும் டேட்டாபேஸ் அப்படி நிற்கலாமா? காலை 8 மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்ட்டரை மூடிவிட்டுப் பெருக்கினால் என்ன ஆகும்?

இது கற்பனை அல்ல. பேஸ்புக்கில் அவினாஷ் லக்ஷ்மணும் பிரசாந்த் மாலிக்கும் உருவாக்கி, 2008-ல் வெளிவந்த கசாண்ட்ரா டேட்டாபேஸ் ஜாவாவில் எழுதப்பட்டது. அதில் செய்திகளைச் சேமித்துவந்த டிஸ்கார்ட் நிறுவனம் இந்தத் தடங்கலால் அவதிப்பட்டு, 2022-ல் சி++ மொழியில் எழுதப்பட்ட சில்லா டிபி-க்கு மாறியது. 177 கணினிகள் செய்த வேலைக்கு 72 போதுமானது. பழைய செய்திகளை எடுப்பதில் மிக மெதுவான கேள்விகளுக்கு 40 முதல் 125 மில்லி செகண்ட் வரை ஆனது, 15 ஆகக் குறைந்தது. மொழி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒரே இடத்தில் கூட்டம் குவிந்ததும் ஒரு காரணம். அதற்கும் தனியாக வழி செய்தார்கள்.

அப்படியானால் 'சி' ஜெயித்துவிட்டதா? அதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸ் 'சி'-யில் எழுதப்பட்டதுதான். அதிலும் மாற்றிய, அழித்த வரிசைகள் டிஸ்க்கில் குப்பையாகச் சேரும். 'வேக்கம்' என்ற துடைப்பம் போட்டே ஆக வேண்டும். ஜாவாவிலோ, புரோகிராம் ஓட ஓடவே பெரும்பகுதி வேலையை முடிக்கும் இசட்ஜிசி 2020 முதல் முழுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

அம்மா சொல்வார்: "கடை தொறக்கறதுக்குள்ள கூட்டிடணும்டா. ஜனம் வந்தப்புறம் வெளக்குமாறு எடுத்தா எல்லாருக்கும் எடஞ்சல்." எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஆகவே நண்பர்களே, 'ஜாவா ஸ்லோ, சி ஃபாஸ்ட்' என்று கேன்டீனில் சண்டை போட்டது போதும். உங்கள் புராஜெக்டில் குப்பை எங்கே சேருகிறது, யார் கூட்டுகிறார்கள், எந்த நேரத்தில் என்று கேளுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்க மட்டும் வேண்டாம். கூட்டுகிறவர் ஒரு நாள் வராவிட்டால் தெருவும் நிற்கும், டேட்டாபேஸும் நிற்கும்.

– மூன்றாம் ஆண்டு, கணினித் துறை