ஒழுங்கான கேபிள்களும் அறுக்கப்பட்ட எர்த் முனையும்

கிட்டார் இசைஞர்கள் கூடும் சமூக ஊடகப் பக்கங்களில் பெடல்போர்டுகளின் புகைப்படங்களுக்கெனத் தனியானதோர் இரசிகர் கூட்டம் உண்டு. மேலிருந்து எடுக்கப்பட்ட படம். இடைவெளியின்றி அடுக்கிய பத்துப் பன்னிரண்டு பெடல்கள். வாரிப் பின்னிய தலைமுடிபோல் ஒரே கற்றையாகக் கட்டப்பட்டு ஓரமாய் ஒதுங்கிய கேபிள்கள். இந்த அழகின்மீது வைக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டு ஒன்றே: அது கண்ணுக்கான ஒழுங்கை மின்னோட்டத்துக்கான ஒழுங்காக மாற்றிக் காட்டுகிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல. சில வேளைகளில் இவை நேர் எதிரானவை.

கிட்டாரின் பிக்கப்பிலிருந்து புறப்படும் சமிக்ஞை மிக நலிவானது. அதன் மின்மறுப்போ மிக உயர்வானது. அதைச் சுமந்து செல்லும் கேபிள் வெறும் கம்பியன்று, நீண்டு கிடக்கும் ஒரு மின்தேக்கி. மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் எனக் கொண்டால், கிட்டாரிலிருந்து பலகைவரை 6 மீட்டர், பலகையிலிருந்து ஆம்ப்ளிஃபயர்வரை இன்னொரு 6 மீட்டர், இடையிலுள்ள சிறு பேட்ச் கேபிள்கள் எல்லாம் சேர்ந்து 2 மீட்டர் என 1400 பிக்கோஃபாரட் சுமை பிக்கப்பின்மேல் ஏறுகிறது. உச்ச அதிர்வெண்கள் மங்கி, ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிறது. 'ட்ரூ பைபாஸ்' பெடல்களை மட்டுமே வாங்கி அடுக்கியவர், அவை அனைத்தையும் அணைத்துவைத்த நிலையில்தான் இச்சுமையை முழுதாக உணர்வார். தொடக்கத்தில் ஒரு பஃபர் இருந்தால் இச்சிக்கல் தீரும். ஆனால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய வகை ஃபஸ் பெடலுக்கு முன்னால் பஃபரை வைத்தால், கிட்டாரின் ஒலிக்குமிழைத் திருப்பும்போது அது காட்டும் நெகிழ்வு போய்விடும். அது கிட்டாரை நேராகச் சந்திக்க விரும்பும் கருவி. எது முன், எது பின் என்பதைத் தீர்மானிப்பது இத்தகைய உறவுகளே. பெட்டிகளின் அளவும் நிறமும் அல்ல.

மின்வழங்கலுக்கு வந்தால், அழகியலின் தீங்கு இன்னும் தெளிவாகிறது. பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில், நடுமுனை எதிர்மின்னாக அமைந்த பிளக்கில் இயங்குகின்றன. ஒரே அடாப்டரிலிருந்து கிளைபிரியும் கம்பியால் எல்லாவற்றுக்கும் மின்சாரம் ஊட்டுவதே மாணவர்களின் வழக்கம், செலவு குறைவு. ஆனால் பெடல்கள் பேட்ச் கேபிளின் உறைவழியாக ஏற்கெனவே ஒன்றோடொன்று தரைத்தொடர்பு கொண்டவை. மின்கம்பி வழியாக இன்னொரு தரைத்தொடர்பும் சேரும்போது வளையங்கள் உருவாகின்றன. மாறும் காந்தப்புலத்தில் உள்ள வளையத்தில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று ஃபாரடே 1831இல் காட்டியதைத்தான் ஆம்ப்ளிஃபயர் 50 ஹெர்ட்ஸில் முனகிக் காட்டுகிறது. டிஜிட்டல் டிலே பெடல் ஒன்று அதே கம்பியில் இருந்தால் அதன் கடிகாரத் துடிப்பு மெல்லிய கீச்சொலியாக ஏனைய பெடல்களுக்கும் பரவக்கூடும். தனித்தனியே பிரிக்கப்பட்ட வெளியீடுகள் கொண்ட மின்வழங்கி இதற்கு மருந்து. ஆனால் அதன் விலையில் ஒரு நல்ல பெடலே வாங்கிவிடலாம் என்பதால் அது எப்போதும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது.

புகைப்படத்தில் பாராட்டுப் பெறும் அந்த ஒற்றைக் கற்றை, சமிக்ஞைக் கேபிளையும் மின்கம்பியையும் பலகையின் முழு நீளத்துக்கும் இணையாகக் கட்டிவைத்த ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கிறது. இரைச்சலை வரவேற்க இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. இரண்டும் வெவ்வேறு விளிம்புகளில் ஓட வேண்டும். கடந்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க வேண்டும். அப்படி அமைத்த பலகை சற்றுக் கலைந்தாற்போலத்தான் தெரியும்.

இதுவரை சொன்னவற்றில் தோற்பது ஒலி மட்டுமே. உயிர் சம்பந்தப்பட்டது எர்த் எனப்படும் புவி இணைப்பு. இந்தியாவின் மூன்று உருளைமுனை பிளக்கில் எர்த் முனை ஏனைய இரண்டைவிடத் தடித்ததும் நீண்டதுமாகும். முதலில் தொட்டு, கடைசியில் விலகுவதற்காகவே அவ்வாறு வடிக்கப்பட்டது. கல்லூரி விழா மேடையில் ஆம்ப்ளிஃபயர் ஒரு சாக்கெட்டிலும், பெடல்போர்டு வேறொன்றிலும், ஒலிக்கலவை மேசை அரங்கின் மறுகோடியில் இன்னொன்றிலும் செருகப்படுகின்றன. எர்த் புள்ளிகளுக்கிடையே அழுத்த வேறுபாடு தோன்றி இரைச்சல் எழுகிறது. நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடமே இருக்கையில் யாரோ ஒருவர் எர்த் முனையைக் கழற்றுகிறார், அல்லது இருமுனை மாற்றி ஒன்றைக் கொண்டுவந்து செருகுகிறார். இரைச்சல் நின்றுவிடுகிறது, அவர் மேதையெனப் போற்றப்படுகிறார்.

உண்மையில் நிகழ்ந்தது வேறு. பெடல்களுக்கான சிறு அடாப்டர்கள் பெரும்பாலும் இருமுனை கொண்டவை. அவற்றுக்கு எர்த்தே இல்லை. பலகையும், பாலம் வழியாகக் கிட்டாரின் கம்பிகளும், புவியோடு கொண்டிருந்த ஒரே தொடர்பு கேபிளின் உறைவழியே ஆம்ப்ளிஃபயரைச் சென்றடைவதுதான். அதன் எர்த்தை நீக்கினால் அனைத்தும் அந்தரத்தில் நிற்கும். உள்ளே ஒரு பழுது நேர்ந்து உலோக உடல் மின்னேறினால் 230 வோல்ட் விரல்களுக்கு வந்துவிடும். பாடுபவரின் உதடு தொடும் மைக்கோ ஒலிமேசை வழியாகப் புவியோடு இணைந்திருக்கிறது. 1972இல் பிரிட்டனின் சுவான்சீ நகர மேடையில், 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி கிட்டாரும் கையுமாக மைக்கைத் தொட்டபோது மின்தாக்கி இறந்தார். அங்கும் குறை புவி இணைப்பில்தான் இருந்தது.

மாற்றுவழிகள் அரியனவல்ல. ஆம்ப்ளிஃபயருக்கும் பலகைக்கும் ஒரே சாக்கெட்டிலிருந்து மின்சாரம் எடுப்பது. செருகுமுன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான அழுத்தத்தை மல்டிமீட்டரால் அளப்பது. வளையத்தை உடைக்க வேண்டுமெனில் சமிக்ஞைப் பாதையில் பிரிப்பு மின்மாற்றி வைத்து உடைப்பது. மேடை மின்வழியில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துவது. டி.ஐ. பெட்டியிலுள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' விசை ஒலிக்கேபிளின் உறையைத்தான் பிரிக்கிறது, மின்பிளக்கின் எர்த்தை அன்று. இவ்வேறுபாடு ஒரே ஒரு முறை விளக்கிக் காட்டினாலே புரிந்துவிடும்.

யார் விளக்குவது என்பதே கேள்வி. கிறிஸ்டோபர் ஸ்மால் 1998இல் 'மியூசிக்கிங்' நூலில் கருவிகளைத் தூக்கி வைப்போரையும் அரங்கைத் துப்புரவு செய்வோரையும் இசைச் செயலின் பங்காளிகளாகக் கணக்கிட்டார். உட்கட்டமைப்பு பழுதுறும்போதே கண்ணுக்குப் புலனாகிறது என்ற சூசன் லீ ஸ்டாரின் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையோ ஆய்வேடுகளில் ஓயாமல் மேற்கோளாகிறது. ஆயினும் ஷில்லாங்கின் ராக் மரபு குறித்தோ கொல்கத்தாவின் 'மொஹீனேர் கோராகுலி' குறித்தோ எழுதும் ஆய்வுகள் பெரும்பாலும் அடையாளம், மொழி, வர்க்கம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன; மேடைப் பலகையில் கிடக்கும் கம்பி அவற்றின் பார்வைக்கு வருவதில்லை. மும்பையின் 'அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன்' போன்ற பட்டறைகள் இங்கேயே பெடல்களைச் செய்துவரும் காலத்தில், இதை இறக்குமதிப் பொருளின் விவகாரம் என்று ஒதுக்கவும் முடியாது.

இசைஞன் மின்பணியாளன் ஆக வேண்டுமா என்பார் உளர். தம்புராவின் ஜீவா நூலை நகர்த்திச் சரிசெய்வதைப் பாடகருக்கு இழுக்கென்று எவரும் கருதுவதில்லை. சாலிடரிங் இரும்பைத் தொடுவது மட்டும் ஏன் வேறு யாரோ செய்ய வேண்டிய வேலையாகிறது? கைவேலையைத் தாழ்த்திவைத்த ஒரு சமூகத்தின் பழைய பழக்கம் இங்கே மின்கிட்டாரின் அருகிலும் வந்து அமர்ந்திருக்கிறது.

விழாக் குழுக்கள் குழுவினரிடம் கேட்கும் தொழில்நுட்பப் படிவத்தில் எத்தனை மைக், எத்தனை மானிட்டர் என்ற வரிகள் உண்டு. எத்தனை பிளக், அவற்றில் எவை மும்முனை என்ற வரியையும் சேர்க்கலாம். பலகையைப் படமெடுத்து இடுவோர் அதைக் கவிழ்த்து அடிப்புறத்தையும் ஒரு படம் எடுத்து இடட்டும். சுவர்வரை செல்லும் அந்தக் கம்பியின் நுனியும் அதில் தெரியட்டும்.