பழியை இயந்திரத்தின் மேல் போடலாமா?

கந்தோர் வாயிலில் காத்து நின்று கால் கடுத்தவர்களுக்குத்தான் கணினியின் அருமை தெரியும். பிறப்புச் சான்றிதழின் பிரதியொன்றைப் பெறுவதற்காக மூன்று நாட் கூலியை இழந்து, மூன்று முறை பஸ் ஏறிய கமக்காரனிடம், "இனி எல்லாம் கணினியில் நடைபெறும்" என்று கூறினால், அவன் மகிழாமல் வேறென்ன செய்வான்? அரசாங்க அலுவல்கள் டிஜிட்டல் முறைக்கு மாறுவதை நாம் எதிர்க்கவில்லை; வரவேற்கின்றோம். ஆயின், வரவேற்பது வேறு, கண்ணை மூடிக்கொண்டு நம்புவது வேறு.

இலங்கைப் பிரசைகள் ஒவ்வொருவருக்கும் டிஜிட்டல் அடையாளம் வழங்கும் திட்டத்திற்கு இந்திய அரசாங்கத்தின் நன்கொடையைப் பெறுவதற்கான ஒப்பந்தம் 2022 மார்ச்சில் கைச்சாத்திடப்பட்டது. இந்தியாவில் பெருந்திரளான மக்களிடையே நடைமுறைப்படுத்தப்பட்ட டிஜிட்டல் முறைகளை இங்கும் பகிர்ந்துகொள்வதற்கு 2025 ஏப்ரலில் மற்றோர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆகவே, அந்நாட்டில் இம்முறைகள் ஏழை மக்களுக்கு என்ன செய்தன என்று கேட்பது நமது கடமையாகும். நல்ல வேளையாக, வதந்தியை நம்பி விடை தேட வேண்டிய நிலையில் நாம் இல்லை. கார்த்திக் முரளிதரன், போல் நீஹவுஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய மூன்று பொருளியலறிஞர்கள் இதனை நேரிற் சென்று அளந்து பார்த்திருக்கின்றனர்.

முதலாவது ஆராய்ச்சி, பிரிவினைக்கு முந்திய ஆந்திரப் பிரதேசத்தில் நடைபெற்றது. கிராம வேலைத் திட்டக் கூலியும் முதியோர் உதவிப் பணமும் விரல் ரேகை பதித்த அட்டையின் மூலம் வழங்கப்பட்டன. 157 உபமாவட்டங்களில், சுமார் 1 கோடியே 90 இலட்சம் மக்கள் வாழும் பரப்பில், 2010 ஆம் ஆண்டு தொடங்கி இம்முறை சீட்டுக் குலுக்கிய வரிசைப்படி புகுத்தப்பட்டமையால், அட்டை வந்த இடத்தையும் வராத இடத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிட முடிந்தது. கூலி முன்னையிலும் விரைவாகக் கைக்கு வந்தது. இடையிற் களவு போன பணம் குறைந்தது. உதவி பெற்று வந்த எவரும் தள்ளப்பட்டதாகத் தெரியவில்லை. அட்டையைப் பயன்படுத்தியவர்களிற் பத்தில் ஒன்பது பேர் பழைய முறையிலும் இதுவே நன்று என்றனர்.

இரண்டாவது ஆராய்ச்சி, ஜார்கண்ட் மாநிலத்தில் மலிவு விலைத் தானியம் வழங்கும் கடைகளைப் பற்றியது. அங்கு ஆதார் எண்ணும் விரல் ரேகையும் பொருந்தினாலன்றித் தானியமில்லை என்று விதிக்கப்பட்டது. ஒன்றரைக் கோடி மக்களைத் தழுவிய இவ்வாராய்ச்சியின் முடிவு 2020 இல் வெளிவந்தது. விரல் ரேகையைக் கட்டாயமாக்கியதனால் மட்டும் களவு குறையவில்லை. ஆதார் எண்ணை முன்னரே பதிவு செய்திராத குடும்பங்களுக்குக் கிடைத்துவந்த பயன் பத்திலொரு பங்கு குறைந்தது. 2017 இல், இயந்திரக் கணக்கின்படி கடைக்காரரிடம் மீதியிருக்க வேண்டிய தானியத்தைக் கழித்துக்கொண்டு எஞ்சியதையே அரசாங்கம் அனுப்பியபோது, களவு பெரிதும் குறைந்தது. அதே வேளையில் ஏழையின் கைக்கு வந்த தானியமும் குறைந்தது. கடைக்காரர் தமது நட்டத்தை அட்டைக்காரர் தலையிற் சுமத்தினர். மக்கள் கொதித்தெழவே, சில மாதங்களில் அம்முறை நிறுத்தி வைக்கப்பட்டது.

அதே 2017 ஆம் ஆண்டில், அம்மாநிலத்துச் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமியொருத்தி இறந்தாள். பசியால் இறந்தாள் என்றனர் குடும்பத்தார். நோயால் இறந்தாள் என்றனர் அதிகாரிகள். எது எவ்வாறாயினும், ஆதார் எண்ணுடன் இணைக்கப்படாத காரணத்தால் அக்குடும்பத்தின் பங்கீட்டட்டை இரத்துச் செய்யப்பட்டிருந்தது. களை பிடுங்கப் போனவர்கள் பயிரைப் பிடுங்கினார்கள் என்று சொல்வதிற் பிழையுண்டா?

இரண்டு மாநிலங்களிலும் விரல் ரேகைதான், இரண்டிலும் கணினிதான். பின்னர் வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஆந்திராவில், இயந்திரம் ரேகையை ஏற்காவிடினும், அட்டை இன்னும் வந்து சேராவிடினும், பழைய முறையிற் பணம் கொடுப்பதற்கு இடமிருந்தது. உழைத்தவனுக்குக் கூலி ஒழுங்காகச் சேரவேண்டும் என்பதே அங்கு முதல் நோக்கம். ஜார்கண்டில், திறைசேரியிலிருந்து வெளியேறும் பணத்தை மிச்சப்படுத்துவது முதல் நோக்கமாயிற்று. இயந்திரம் தனக்கு இட்ட வேலையைச் செய்தது. வேலையை இட்டவர்கள் மனிதர்கள். ஆகவே, "கணினி மறுக்கிறது, நாம் என்ன செய்வோம்?" என்று கைவிரிக்கும் அதிகாரியின் வார்த்தையை எந்தப் பிரசையும் ஏற்க வேண்டியதில்லை.

இது அயல்நாட்டுக் கதை என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2023 இல் சமுர்த்திக்குப் பதிலாக 'அஸ்வெசும' கொண்டு வரப்பட்டபோது, குடும்பத்தின் வறுமை 22 குறிகாட்டிகளால் அளக்கப்பட்டுப் புள்ளியாக மாற்றப்பட்டது. பெயர்ப் பட்டியல் வெளியானதும் வந்து குவிந்த மேன்முறையீடுகள் ஒன்பது இலட்சத்தைத் தாண்டின. அவற்றுள் தகுதியற்றவையும் இருந்திருக்கலாம். ஆயினும், இத்தனை குடும்பங்கள் "எம்மை ஏன் தள்ளினீர்கள்?" என்று கேட்க நேர்ந்த ஒரு முறையை, நன்றாகப் பரீட்சித்துப் பார்த்த பின் புகுத்தப்பட்ட முறை என்று எவ்வாறு சொல்வது?

தமிழ் பேசும் மக்களுக்கு இதில் மேலதிகமான ஆபத்துகள் உண்டு. நமது பெயர்களை ஆங்கில எழுத்திற் பெயர்க்கும்போது, பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாம் விதமாகவும் அமைந்துவிடுவது நாம் அன்றாடம் காணும் செய்தி. தந்தை பெயர் முன்னெழுத்தாக நிற்பதும், முழுப் பெயராக நிற்பதும் அவ்வாறே. கிராம உத்தியோகத்தர் ஆளைப் பார்த்து, "இவர் அவரே" என்று சொல்லுவார்; இயந்திரமோ எழுத்தை மட்டுமே பார்க்கும். போரில் இடம்பெயர்ந்து பத்திரங்களை இழந்தவர்கள் எத்தனை பேர்! மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்த விரல்கள் எத்தனை! வன்னியின் உட்கிராமத்தில் இணையத் தொடர்பு அறுந்த நாளில், கமநல சேவை நிலையத்தின் வாசலில் நிற்பவன் எந்த ரேகையைக் காட்டுவான்?

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது, விளங்காத மொழியில் வந்த கடிதத்தை ஏந்திக்கொண்டு மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைந்த தலைமுறை நமது தலைமுறை. 1987 இல், பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஏட்டில் உள்ள அவ்வுரிமை கணினித் திரையிலும் இருத்தல் வேண்டும். முதற் பக்கத்தில் மட்டும் தமிழைப் பொறித்துவிட்டு, விண்ணப்பமும் மறுப்பும் வேறு மொழியில் வருமாயின், 1956 இன் துன்பம் புதிய உருவில் நம் வீட்டுக்குள் நுழைந்ததாகவே கொள்வோம்.

ஆகவே, அரசாங்கத்திடம் நாம் கேட்பவை நான்கு. முதலாவது, உதவி மறுக்கப்படும் ஒவ்வொருவருக்கும் மறுப்பின் காரணமும், பொறுப்பான உத்தியோகத்தரின் பதவியும், முறையிட வேண்டிய இடமும் அவரது மொழியில் எழுத்திற் கொடுக்கப்படல் வேண்டும். இரண்டாவது, இயந்திரம் பிழைத்தால் ஆளை அறிந்து பொருளைக் கொடுக்கும் அதிகாரம் தலத்திலுள்ள உத்தியோகத்தருக்கு இருத்தல் வேண்டும். மூன்றாவது, மேன்முறையீடு தீரும் வரை, பெற்றுவந்த உதவி நிறுத்தப்படலாகாது. நான்காவது, நாடெங்கும் புகுத்துமுன் சில பிரதேச செயலகப் பிரிவுகளில், வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் உட்பட, அரசாங்கத்தைச் சாராத அறிஞர்களைக் கொண்டு பரீட்சித்து, முடிவை மூன்று மொழிகளிலும் வெளியிடுதல் வேண்டும். எவ்வளவு பணம் மிஞ்சியது என்பதை மட்டும் எண்ணினாற் போதாது. எத்தனை பேர் வெறுங்கையுடன் திரும்பினர் என்பதையும் எண்ண வேண்டும்.

நம்மவர்க்கும் ஒரு வார்த்தை. நமது பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் இவ்விடயத்தைக் கணினி வல்லுநரின் தனிச்சொத்தென்று விட்டுவிடலாகாது. ஊர்ச் சனசமூக நிலையத்தில் வாரத்தில் ஒரு மாலை அமர்ந்து, விண்ணப்பம் நிரப்பவும் மேன்முறையீடு எழுதவும் உதவுவார்களாயின், அதுவே பெருந்தொண்டாகும். கமக்காரரும், "இல்லை" என்று வாயாற் சொல்லப்பட்டதும் தலை குனிந்து திரும்பாமல், அதை எழுத்தில் தரும்படி கேட்கப் பழகுதல் வேண்டும்.

இயந்திரம் வரட்டும்; வேலை விரைவாக நடக்கட்டும். ஆனால், கேட்டவனுக்குக் காரணம் சொல்லும் கடமையை எந்த அரசாங்கமும் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட முடியாது. அதனை ஒப்படைக்க நாமும் இடங்கொடோம்.