கால் பட்டையை மாட்டியது யார்?

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேப்பிட்டன் என்றொரு செங்குத்துப் பாறை. உயரம் சுமார் 900 மீட்டர். 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் அதில் கயிறு இல்லாமல் ஏறி, 3 மணி 56 நிமிடங்களில் உச்சியைத் தொட்டார். கை நழுவியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அந்த ஏற்றத்தைப் பதிவுசெய்த ‘ஃப்ரீ சோலோ’ ஆவணப்படம் 2019இல் ஆஸ்கர் வென்றது. படத்தைப் பார்த்து அவரைப் பயமறியாதவர் என்று கொண்டாடுவோர், 2016 நவம்பரில் நடந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். அன்று ஏறத் தொடங்கியவர், மனம் ஒப்பவில்லை என்று பாதியிலேயே திரும்பிவிட்டார். படக்குழு கேமராவோடு காத்திருந்தும் அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு மீண்டும் கயிறு கட்டிக்கொண்டு அதே பாறையில் பழகினார். கடினமான இடங்களில் எந்தப் பிடியில் எந்த விரல் என்பது வரை மனப்பாடம். சாகசத்தில் பெரும்பங்கு இந்த அலுப்பூட்டும் வேலைதான்.

தேர்ச்சி எல்லோரையும் காப்பாற்றியதில்லை. புகழ்பெற்ற மலையேற்ற வீரர் டீன் பாட்டர் 2015இல் அதே பள்ளத்தாக்கில் சிறகு உடை அணிந்து குதித்து இறந்தார். அங்கே அப்படிக் குதிக்கத் தடை உண்டு. தடை அவரைத் தடுக்கவில்லை. 2012இல் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்துப் பிழைத்த ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர், 2025 ஜூலையில் இத்தாலியில் பாராகிளைடரில் பறந்தபோது உயிரிழந்தார். விலை தெரிந்தே விளையாடியவர்கள் இவர்கள். இவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என் கவலை டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பவரைப் பற்றியது. வனுவாட்டு நாட்டின் பெந்தகோஸ்ட் தீவில் ஆண்கள் கணுக்காலில் கொடி கட்டிக் குதிப்பது பழைய சடங்கு. அதிலிருந்து பிறந்த பஞ்சி ஜம்பிங், 1988இல் நியூசிலாந்தின் கவராவ் பாலத்தில் வணிகமானது. 43 மீட்டர் குதிப்பு. அங்கே முதலில் உங்களை எடை போட்டு, அந்த எண்ணைக் கையில் எழுதுகிறார்கள்; கயிற்றைத் தேர்வதற்கு அதுதான் கணக்கு. கணக்கு சரியா என்று குதிப்பவருக்குத் தெரியாது. ஹானல்ட் தன் பயத்தைத் தானே சுமந்தார். நாம் அதைப் பணம் கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படைக்கிறோம். அந்த இன்னொருவரைக் கண்காணிக்க, சாகச நிறுவனங்கள் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்பட்டுப் பதிவுசெய்ய வேண்டும் என்று 2011இல் நியூசிலாந்து விதி கொண்டுவந்தது. அதன் பிறகும் 2019இல் அந்நாட்டின் வெள்ளைத் தீவு எரிமலை வெடித்துச் சுற்றுலா சென்றவர்களும் வழிகாட்டிகளுமாக 22 பேர் பலியானார்கள். விதி இருந்தும் இப்படி என்றால், விதி பெயரளவில் இருக்கும் இடங்களில் என்ன நிலை?

இமாச்சலத்தின் குலுவில் பாராகிளைடிங் சென்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் இறந்த செய்தியை 2019இலும் 2025இலும் படித்தோம். இருவர் பறக்கும் பாராகிளைடரில் பயணிக்கு மார்பில் ஒரு பட்டை, தொடைகளில் இரண்டு. தொடைப் பட்டைகளை மாட்ட மறந்தாலும் தரையில் நிற்கும்வரை எதுவும் தெரியாது. கால் தரையை விட்டதும் உடல் கீழே சரியத் தொடங்கும். அப்போது பைலட்டால் செய்ய முடிவது மிகக் குறைவு. சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். சீசனில் அடுத்தடுத்துப் பறந்தாக வேண்டிய பைலட்டிடமும், வீடியோ எடுக்கும் அவசரத்தில் இருக்கும் பயணியிடமும் அந்த ஒரு நிமிடம்தான் இருப்பதில்லை.

புறப்படும் முன் நீட்டப்படும் படிவத்தில் ‘என் பொறுப்பில் பறக்கிறேன்’ என்று கையெழுத்து வாங்குகிறார்கள். நடத்துபவரின் அலட்சியத்துக்கு அது மன்னிப்புச் சீட்டாகக் கூடாது. பல விபத்துக் காப்பீடுகளில் சாகச விளையாட்டுக்கு இழப்பீடு கிடையாது என்பதும் வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் போதாது. மீறினால் உரிமம் பறிபோகும் சட்டம் நாடு முழுமைக்கும் வேண்டும்.

அதுவரை, பறக்கப் போகிறவர்கள் பைலட்டின் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். தொடைப் பட்டைகளை நீங்களே இழுத்துப் பாருங்கள். காற்று பலமாக இருந்தால், பணம் கட்டிவிட்டோமே என்று தயங்காமல் இறங்கி வந்துவிடுங்கள்.